ஒரு கிறிஸ்தவத் தாயாரும் சுயமரியாதைத் திருமணமும்

(கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்த ஒரு திருமணத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



நமக்கு முன் பேசிய தோழர்கள் மணமக்களை வாழ்த்தியும், சுயமரியாதைத் திருமணத்தின் சிறப்பை எடுத்துச் சொல்லியும் வேண்டிய மட்டும் பேசிவிட்டார்கள். அதையே நாமும் திருப்பிச் சொல்லி உங்கள் பந்தி நேரத்தைக் கெடுக்க உத்தேசமில்லை. மணமகளின் தாயார் சற்று முன் பேசினாரே, அந்தப் பேச்சைப் பற்றியே நாம் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறோம். ஏனெனில் அவர் நம் இயக்கத்தைச் சேர்ந்தவரல்ல. கிறிஸ்தவர். 32 வருஷமாய் ஆஸ்பத்திரியில் நர்ஸாய் வேலை பார்த்து வருகிறவர். "நான் விசுவாசி. என் விசுவாசத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு இங்கே வரவில்லை" என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசினார். அவர் "கர்த்தர்" என்று சொன்னபோது பந்தலின் பின்வரிசையில் சில தோழர்கள் சிரித்தார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது நமக்கு உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறோம்.

இந்தக் கலியாணத்தின் சங்கதி உங்களில் பலருக்கு அரைகுறையாய்த் தெரிந்திருக்கும். மணமகன் மதுரைப் பக்கத்து ஹிந்துக் குடும்பத்துப் பிள்ளை. சாதியும் வேறு. பெண்ணின் சபையார் சொன்னது என்னவென்றால், பையன் ஞானஸ்நானம் பெற்றுக்கொண்டால் கோவிலில் ஓலை வாசிக்கலாம், இல்லாவிட்டால் கோவிலில் கலியாணமும் இல்லை, தாயாருக்கு இனித் திருவிருந்தும் இல்லை என்பதாகும். பையனின் பந்துக்கள் சொன்னதோ, பெண் தன் பெயரை மாற்றிக்கொண்டு, ஓர் அய்யரை வைத்து ஹோமம் வளர்க்கச் சம்மதித்தால் தாங்கள் வருவதாகவும், ஆனால் புருஷனை இழந்த அம்மாள் மாலை எடுத்துக் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். ஆகவே, தோழர்களே, இரண்டு மதக்காரரும் வெவ்வேறு கடவுளைக் கும்பிட்டாலும், இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறதா என்று கேட்டவர்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை. யார் தலையில் யார் தண்ணீர் தெளிப்பது என்பதுதான் இரண்டு பக்கத்து வியாச்சியமும்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். பையன் ஞானஸ்நானத்துக்குச் சம்மதித்துவிட்டான் என்று யாரோ ஒரு புரளியைக் கிளப்பிவிட்டார்கள். உடனே அம்மையாரின் அண்ணன், "முங்கி எழுந்தால் மட்டும் ஆச்சா? என்ன ஆட்கள் என்று பார்க்க வேண்டாமா?" என்று கேட்டாராம். அந்தத் தண்ணீர் ஆதாம் காலத்துப் பாவத்தையெல்லாம் கழுவிவிடுமாம், சாதியை மாத்திரம் கழுவாதாம்! அந்த அண்ணன் இன்று இங்கே வரவில்லை. மாலையை எடுத்துக் கொடுத்தவர் அவர் தங்கைதான், நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள்.

நிற்க. கிறிஸ்தவத்தைப் பற்றிக் குறை சொல்லுவதற்கு முன், அதற்குக் கொடுக்க வேண்டிய வரவைக் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். இந்தப் பகுதி முன்பு திருவிதாங்கூர் ராஜ்யத்தில் இருந்தது. நாடார் ஸ்திரீகள் மார்பை மேல்துணியால் மூடியதற்காக அடிபட்டும், துணி கிழிக்கப்பட்டும், 1859-இல் ராஜாங்கம் உத்தரவு போட்ட பிறகுதான் மானமாய் நடமாட முடிந்தது என்பது இந்த மண்ணின் கதை. அந்தச் சண்டையில் பாதிரிகள் அந்தப் பெண்கள் பக்கம் நின்றார்கள். நெய்யூரில் 1838-லேயே லண்டன் மிஷன்காரர் வைத்தியசாலை வைத்தார்கள். ராஜாக்களும் ஜமீன்தார்களும் பிராமண போஜனத்துக்குச் சத்திரம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், சீழும் இரத்தமும் கழுவுவதற்கு ஒருவன் கப்பலேறி வந்தான் என்றால், அவன் ஆடு சேர்க்கத்தான் வந்தான் என்றாலும், கழுவினது கழுவினதுதான்.

வேலூர் ஆஸ்பத்திரியை ஏற்படுத்திய ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்க மாது, தாம் டாக்டருக்குப் படிக்கப் போன காரணத்தைச் சொல்லியிருக்கிறார். திண்டிவனத்தில் அவருடைய தகப்பனார் டாக்டராயிருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டுப் புருஷர்கள் ஒருவர் பின் ஒருவராய் வந்து, தங்கள் மனைவிமார் பிரசவிக்க முடியாமல் துடிக்கிறார்கள், அந்தப் பெண் வந்து பார்க்க வேண்டும் என்று கெஞ்சினார்கள். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் மேல்சாதி ஹிந்து. அவருக்கு வைத்தியம் தெரியாது. தகப்பனார் வருவதாகச் சொன்னார். ஆண்பிள்ளை டாக்டர் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள். இரண்டு மதத்து, மூன்று வீட்டு மானமும் காப்பாற்றப்பட்டன; பெண்டாட்டி மாத்திரம் போனாள். அந்த அம்மாள் படித்துவிட்டு வந்து 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு ஆரம்பித்தார். 1909-இல் நர்ஸ்களுக்குப் பயிற்சி, 1918-இல் பெண்களுக்கென்றே வைத்தியப் பள்ளி என்று வளர்த்தார்.

நர்ஸ் என்றால் கிறிஸ்தவப் பெண்தான் என்று நம் நாட்டில் வெகு காலம் இருந்ததற்குக் காரணம் பைபிளல்ல, நம் மனுதர்மம்தான். அன்னிய ஆணைத் தொடுவது, மலஜலம் எடுப்பது, எந்தச் சாதியானுக்கும் வாயில் கஞ்சி ஊற்றுவது, இரவில் வீட்டுக்கு வெளியே இருப்பது, இவ்வளவும் மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர் வீட்டுப் பெண்ணுக்குத் தோஷமாய் வைக்கப்பட்டிருந்தது. ஆகவே வேலை அவர்களுக்கு, வியாதி மாத்திரம் நமக்கு! 1946-இல் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையிலிருந்த கமிட்டி கணக்குப் பார்த்தபோது, இந்த நாட்டில் 43,000 பேருக்கு ஒரு நர்ஸ் என்ற கேவலமான நிலைமை இருந்தது.

ஆனால் கிறிஸ்தவ வீட்டில் மாத்திரம் நர்ஸ் வேலைக்குப் பூரணகும்பம் வைத்து அனுப்பினார்களா? இந்த அம்மையார் 18 வயதில் பயிற்சிக்குப் போனபோது, "நர்ஸுக்குப் போன பெண்ணை எவன் கட்டுவான்?" என்று கேட்டவர்கள் எல்லோரும் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள்தான். பிறகு சம்பளம் வர ஆரம்பித்ததும் அந்தக் கேள்வி நின்றுபோயிற்று. அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், அண்ணன் வீட்டுக்கு ஓடு மாறிக் கான்கிரீட் வந்தது. தகப்பனார் காலமானதும் சொத்து பாகம் பிரிந்தபோது, நர்ஸம்மாளை விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டார். ஏன் போட்டீர்கள் என்று நாம் கேட்டதற்கு, "பாகம் கேட்டால் பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்க முடியுமா?" என்றார். இப்பொழுது பாகமும் இல்லை, அந்த வாசலும் இல்லை.

இதிலே சட்டம் எப்படியிருந்தது என்பதைத் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டும். திருவிதாங்கூரில் 1916-இல் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு வாரிசுச் சட்டம் செய்தார்கள். தகப்பன் உயில் எழுதாமல் செத்தால் மகனுக்குக் கிடைப்பதில் நாலில் ஒரு பங்கு, அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது மகளுக்கு! எது குறைவோ என்ற வார்த்தையைக் கவனியுங்கள். கோட்டயத்தில் பள்ளிக்கூடம் நடத்திய மேரி ராய் என்ற அம்மையார் சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வழக்காடி, 1986-இல் அந்தச் சட்டம் செல்லாது, 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சமபங்கு என்று தீர்ப்பு வாங்கினார். அதை எதிர்த்தவர்களில் பாதிரிமாரும் இருந்தார்கள். கலியாண விஷயத்திலோ, 1869-ஆம் வருஷத்து விவாகரத்துச் சட்டப்படி புருஷன் பெண்டாட்டிமேல் விபசாரம் ஒன்றை ருஜுப்படுத்தினால் போதும். பெண்டாட்டியோ, விபசாரத்தோடு கூடக் கொடுமையையோ, கைவிட்டதையோ அல்லது அதுபோன்ற இன்னொன்றையோ சேர்த்து ருஜுப்படுத்த வேண்டும். ஒரு குற்றம் ஆணுக்குப் போதாது என்று வைத்திருந்த இந்தச் சட்டத்தைத் திருத்த 2001-ஆம் வருஷம் வரவேண்டியிருந்தது. ஹிந்துக்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டியதில்லை. 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்குச் சமசொத்துரிமை வேண்டும் என்று நாம் தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள், தமிழ்நாட்டில் அதைச் சட்டமாய்ப் பார்க்க 1989 வரை ஆயிற்று.

இனி அம்மையார் பேசியதில் நமக்கு முக்கியமாய்ப் பட்ட இடத்துக்கு வருகிறோம். அவர் சொன்னார்: "ஒவ்வொரு பிரசவத்துக்கு முன்னாலும் நான் ஜெபம் செய்வேன். கத்திரியைக் கொதிக்க வைக்கவும் செய்வேன். ஒரு நாள் நைட் டியூட்டியில் உட்கார்ந்து யோசித்தேன். இந்த இரண்டில் எதை மறந்திருந்தால் பிள்ளை செத்திருக்கும்? எனக்குப் பதில் தெரியும். ஆனாலும் ஜெபம் செய்கிறேன், என் கை நடுங்காமல் இருக்க."

தோழர்களே! நாம் இருபது வருஷமாய் மேடை மேடையாய்க் கத்துவதை இந்த அம்மாள் ஒரு கத்திரியை வைத்துச் சொல்லிவிட்டார். தன் கையைத் திடப்படுத்த அவர் எதைச் சொல்லிக்கொண்டாலும் அது அவர் சொந்த விஷயம். வியாதியஸ்தனுக்கு வேண்டியது கொதித்த கத்திரி. அதை அவர் ஒரு நாளும் கடவுள் தலையில் போடவில்லை.

இதே விஷயம் 1847-இல் வியன்னா நகரத்தில் நடந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் டாக்டர்களும் மாணாக்கர்களும் பிரசவம் பார்த்தார்கள். மற்றதில் மருத்துவச்சிகள். டாக்டர்கள் வார்டில்தான் ஜன்னி கண்டு தாய்மார்கள் அதிகமாய்ச் செத்தார்கள். செம்மல்வைஸ் என்ற டாக்டர் காரணத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். சாகிறவர்களுக்கு மந்திரம் சொல்லப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு அந்த வார்டு வழியாய்ப் போவது வழக்கம். அந்தச் சத்தத்தில் பயந்து சாகிறார்களோ என்று, பாதிரியாரை மணியில்லாமல் வேறு வழியாய்ப் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. கடைசியில், பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்ப்பதுதான் காரணம் என்று ஊகித்து, குளோரின் கலந்த நீரில் கைகழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 பேர் செத்த வார்டில் ஜூனில் 2 பேருக்குச் சற்று மேல்தான் செத்தார்கள். பாதிரியார் மணியடித்தபோதும் செத்தார்கள், அடிக்காதபோதும் செத்தார்கள், கை கழுவியபோது பிழைத்தார்கள். இதற்கு மேலே வியாக்கியானம் வேண்டுமா? அதே வருஷம் எடின்பரோவில் சிம்ப்சன் என்ற டாக்டர் பிரசவ வலிக்குக் குளோரோபாரம் கொடுக்க ஆரம்பித்தபோது, ஏவாளுக்கு விதித்த சாபத்தை மனுஷன் மாற்றலாமா என்று சிலர் கேட்டார்கள். அதற்குப் பதிலாய் அவர் ஒரு புத்தகமே போட வேண்டியிருந்தது. ஆதாமின் விலா எலும்பை எடுக்கும்போது கடவுளே அவனைத் தூங்க வைத்துத்தானே எடுத்தார் என்று அவர்கள் வேதத்தைக் கொண்டே அவர்களை மடக்கினார். சாபத்தைக் கண்டுபிடித்தவர்களில் பிள்ளை பெற்றவர் ஒருவருமில்லை என்பது நமது அபிப்பிராயம்.

நர்ஸ்களுக்கெல்லாம் தாய் என்று சொல்லப்படுகிற பிளாரன்ஸ் நைட்டிங்கேலும் கடவுள் தன்னை அழைத்ததாக நம்பினவர்தான். ஆனால் கிரிமியாச் சண்டையிலிருந்து திரும்பி வந்து அவர் செய்தது என்ன? செத்த சிப்பாய்களின் எண்ணிக்கையை மாசாமாசம் கணக்கெடுத்து, குண்டடியால் செத்தவன் கொஞ்சம், சாக்கடையால் செத்தவன் அதிகம் என்று படம் போட்டு மந்திரிமார் முகத்துக்கு நேரே நீட்டினார். கடவுள் அழைத்ததை நாம் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம்.

2020-இல் கொரோனா வந்தபோது அம்மையார் வாரக்கணக்காய் வீட்டுக்கு வராமல் வார்டிலேயே இருந்திருக்கிறார். மகளுக்குப் போனில் முகத்தைக் காட்டி, "மக்களே, சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு சரி. அதைப் பற்றி அவர் சொன்னதை அப்படியே சொல்லுகிறோம்: "கோவில் பூட்டியிருந்தது. வார்டு பூட்டவில்லை. கர்த்தர் கோவிலில்தான் இருக்கிறார் என்றால் அவரையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள் என்று ஆகும். வார்டில் இருக்கிறார் என்றால், அங்கே நாங்கள் யாரையும் என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு என் மகளுக்கு வந்த பையனை மட்டும் நான் எப்படிக் கேட்பேன்?"

அம்மையார் வார்டில் கர்த்தரைக் கண்டதாகச் சொல்லுகிறார். நமக்குத் தெரிந்தவரை அங்கே இருந்தவர்கள் அம்மையாரும் அவரைப் போன்ற நர்ஸ்களும் வார்டு பெருக்கும் பெண்களும்தான். அந்த வருஷம் மார்ச்சில் இவர்களுக்காகக் கைதட்டச் சொன்னார்கள், தட்டினோம். ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு டாக்டரின் பிணத்தைப் புதைக்க விடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது.

சாதி கேட்காத வார்டிலிருந்து வந்தவருக்குச் சபையில் சாதி எப்படிப்பட்டிருக்கும்? வடக்கன்குளத்தில் கத்தோலிக்கக் கோவிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாய்ப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள். 1910-இல்தான் அதை இடித்தார்கள். அது பழங்கதை என்பீர்களானால், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008-இல் ஒரே கோவில் கிறிஸ்தவர்களுக்குள் வன்னியர், ஆதிதிராவிடர் என்று சண்டை மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் மாண்டார்கள். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்குச் சுவர். செத்த பிறகு எல்லோரும் ஒரே பரலோகத்துக்குப் போவதாகச் சொல்லுகிறவர்கள், அங்கே போகும் வழியில் எதற்காகச் சுவர் வைக்கிறார்கள்?

இப்பொழுது சிரித்த தோழர்களுக்கு வருகிறோம். "கர்த்தர்" என்றதும் சிரித்தீர்கள். சரி. உங்களில் எத்தனை பேர் உங்கள் மகளையோ மகனையோ சாதி விட்டுச் சாதி கலியாணம் செய்து கொடுத்தீர்கள்? கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையில் ராமனைத் திட்டுவது, வீட்டுக்குப் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொந்தச் சாதியில் பெண் தேடுவது, கேட்டால் "நமக்கு ஆட்சேபணையில்லை, வீட்டில் பெண்டுகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள்" என்று பழியை அவர்கள்மேல் போடுவது, இந்த யோக்கியதையில் இருக்கிறவர்கள் எந்த வாயால் சிரிக்கிறார்கள்? இந்த அம்மாள் கடவுளை நம்பிக்கொண்டே சாதியை விட்டார். நம்மில் சிலர் கடவுளை விட்டுவிட்டுச் சாதியைக் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டில் எது மனுஷனுக்கு உபயோகம் என்று அவர்களே யோசித்துப் பார்க்கட்டும். அண்ணன், சபை, தெரு எல்லாம் போய்விடும் என்று தெரிந்தும் இந்தப் பந்தலுக்கு நடந்து வந்தவர் அவர். நீங்கள் சாப்பாட்டுக்கு வந்தீர்கள்.

மணமக்களுக்கு ஒரு சங்கதி. 1928-இல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்தி வைத்த திருமணம் முதல், நம் திருமணங்கள் வெகுகாலம் சட்டத்தின் முன் செல்லாதவையாகவே இருந்தன. அண்ணாதுரை முதலமைச்சரானபோது 1967-இல் சட்டசபையில் நிறைவேறி, மறுவருஷம் சட்டமாய் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் ஹிந்துச் சட்டத்தின்படி ஹிந்து என்று கருதப்படுகிற இருவருக்கு மாத்திரந்தான். ஒருவர் கிறிஸ்தவராயிருந்தால் மாலை மாற்றினது மட்டும் போதாது. ஆகையால்தான் 1954-ஆம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டப்படி இவர்கள் ரிஜிஸ்டிரார் ஆபீசில் மூன்று சாட்சிகளை வைத்துப் பதிவு செய்தபிறகு இங்கே வந்திருக்கிறார்கள். அந்தச் சட்டத்திலும் ஒரு கோளாறு இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்ததும் அதை ஆபீசில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி, 30 நாள் காத்திருக்கச் சொல்லுகிறது. பிள்ளைகள் எங்கே, எப்பொழுது கலியாணம் செய்யப் போகிறார்கள் என்பதைச் சாதிக்காரனுக்குச் சர்க்காரே விலாசத்தோடு எழுதிக் காட்டுகிற ஏற்பாடு இது. இந்த 30 நாளும் மணமகள் தாயாரோடு ஆஸ்பத்திரிக் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள். தாயாரோடு வேலை பார்க்கிற நர்ஸ்கள் முறை போட்டுக்கொண்டு அவளுக்குத் துணையிருந்தார்கள். அவர்களில் ஹிந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. பதிவுப் பத்திரத்தின் நகல்களை இரண்டு இடத்தில் வையுங்கள். வீடு, நிலம் என்று எது வாங்கினாலும் இருவர் பெயரிலும் வாங்குங்கள். மணமகள் தாயாரைப் போல் எந்தப் பத்திரத்திலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக்கூடாது, அன்பாய்க் கேட்டாலும் கூட.

கடைசியாக ஒன்று. அம்மையார் மேடைக்கு வருவதற்கு முன் நம்மைத் தனியே கூப்பிட்டு, "பேரப்பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுக்க விடுவார்களா?" என்று கேட்டார். அவருக்குத் தூக்கம் கெடுக்கிற கேள்வி இது என்று முகத்தில் தெரிந்தது. பிள்ளை பேசக் கற்றுக்கொள்வதற்கு முன்னே அதற்கு மதத்தை ஒட்டுவது, அதன் சார்பாய் நாமே வோட்டுப் போடுவது போலாகும் என்று நாம் சொன்னோம். பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் என்ற இடத்தை வெறுமையாய் விடவும் நம் நாட்டில் இடமிருக்கிறது. வயது வந்தபின் அது கோவிலுக்குப் போகுமோ, நம் கூட்டத்துக்கு வருமோ, இரண்டும் வேண்டாமென்று கால்பந்து விளையாடப் போகுமோ, அதன் இஷ்டம். அதுவரை பாட்டி மடியில் வைத்துக்கொண்டு பாடினால் கேட்டுக்கொண்டு தூங்கட்டும், அதில் நமக்கு யாதொரு ஆட்சேபணையுமில்லை. இந்தப் பதில் அம்மையாருக்குத் திருப்தியாயில்லை. "நீங்கள் சொல்வது நியாயந்தான், ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை" என்றார். மகளும் மருமகனும் அவரோடு உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டிய விஷயம் அது. அதில் நாமோ சபையோ தலையிட வேண்டியதில்லை.

அம்மையாருக்கு நாளைக் காலை ஏழு மணிக்கு டியூட்டி இருக்கிறதாம். கடைசி பஸ் போய்விடும் முன் அவரும் அவரோடு வந்த நர்ஸ் தோழியர்களும் புறப்பட வேண்டியிருப்பதால், அவர்களை முதல் பந்தியிலேயே உட்கார வைக்கும்படி பரிமாறுகிற தோழர்களைக் கேட்டுக்கொள்ளுகிறோம். பின்வரிசையில் சிரித்த தோழர்கள் இலை போடட்டும்.